ரியோஹா சிவப்பு ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வரும் நண்பர்கள் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் “இதில் கிரான் ரெசெர்வா என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால்?” என்று தொடங்கும். “எனக்கு மட்டும் ஏன் செர்ரி வாசனை வரமாட்டேன் என்கிறது?” என்பதில் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன்.

ஸ்பெயினில் எத்தனையோ ஒயின் இருக்கும்போது ஏன் ரியோஹா?

தொடங்குவதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லை என்பது என் எண்ணம். ஸ்பெயினின் வடக்கே, எப்ரோ ஆற்றின் இரு கரையிலும் நீளும் பகுதி இது. வடக்கே காந்தாப்ரியா மலைத்தொடர் சுவர் மாதிரி நின்று அட்லாண்டிக்கிலிருந்து வரும் குளிரையும் மழையையும் பாதி தடுத்துவிடும். மேற்கே உயரமான ரியோஹா அல்டா, ஆற்றுக்கு வடக்கே பாஸ்க் பகுதியில் ரியோஹா அலவேசா, கிழக்கே வெயில் அதிகமான ரியோஹா ஓரியென்டல் என மூன்று உட்பகுதிகள். மொத்தம் சுமார் 65,000 ஹெக்டேர் திராட்சைக் கொடி. விளையும் அளவு பெரிது என்பதால் எந்த ஊர்க் கடையிலும் ஏதாவது ஒரு ரியோஹா கிடைத்துவிடும்.

ஸ்பெயினில் ஒயினுக்கென முறையான பகுதிப் பெயர் முதலில் கிடைத்ததும் இதற்குத்தான், 1925இல். அதற்கும் மேலான தரநிலை 1991இல் கிடைத்தது. அந்தத் தரநிலையில் இதோடு சேர்ந்து நிற்பது கத்தலோனியாவின் பிரியோராத் மட்டுமே.

இதையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மற்ற ஊர்களில் ஒயினை வாங்கி, வருடக்கணக்கில் வீட்டில் வைத்திருந்து திறக்கச் சொல்வார்கள். ரியோஹாவில் அந்தக் காத்திருப்பைத் தயாரிப்பாளரே செய்துவிட்டுத்தான் விற்கிறார். மாடிவீட்டு வெயிலில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி.

ரியோஜாவா, ரியோஹாவா?

ரியோஹா. ஸ்பானிய ‘ஜே’ தொண்டையிலிருந்து வரும் ‘ஹ’. அப்புறம், அங்கே சிவப்பு ஒயினைச் சிவப்பு என்று சொல்வதில்லை, ‘தின்தோ’ என்பார்கள். சாயமேறியது என்று பொருள். கைக்குட்டையில் கொட்டினால் பெயர்ப்பொருத்தம் தெரியும்.

எந்தத் திராட்சை?

டெம்ப்ரனியோ. ‘தெம்ப்ரானோ’ என்றால் சீக்கிரம். மற்ற வகைகளுக்கு முன்னாலேயே பழுப்பதால் அந்தப் பெயர். ரியோஹாவின் சிவப்புத் திராட்சைக் கொடிகளில் பத்தில் எட்டுக்கு மேல் இதுதான். ஊருக்கு ஊர் பெயர் மாறும்: ரிபேரா தெல் துவெரோவில் தின்தோ ஃபினோ, லா மன்சாவில் சென்சிபெல், போர்ச்சுகலில் தின்தா ரோரிஸ். கத்தலோனியாவில் ‘முயல் கண்’ என்று பொருள்படும் உய் தெ யெப்ரெ. எல்லாம் ஒரே கொடிதான்.

கூடவே மூன்று துணை வகைகள் வரும். கார்னாச்சா வாயில் கனமும் சாராய வீரியமும் சேர்க்கும். கிராசியானோ புளிப்பும் மணமும் தரும். விளைச்சல் குறைவு என்பதால் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள். மாசுவேலோ புளிப்புக்கும் துவர்ப்புக்கும். டெம்ப்ரனியோ தனியாக நின்றால் புளிப்பு சற்றுக் குறையும், அதனால்தான் இந்தத் துணைகள். குழம்புக்குக் கடைசியில் துளி புளி கரைத்து விடுவது போன்ற கணக்கு.

கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா: என்ன வித்தியாசம்?

எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதுதான் வித்தியாசம். சிவப்பு ரியோஹாவுக்கான விதி இது.

கிரியான்சா என்றால் குறைந்தது 2 ஆண்டு, அதில் ஓர் ஆண்டாவது ஓக் பீப்பாயில். ரெசெர்வா என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதில் ஓர் ஆண்டு பீப்பாயிலும் 6 மாதமாவது பாட்டிலிலும். கிரான் ரெசெர்வா என்றால் குறைந்தது 5 ஆண்டு, அதில் 2 ஆண்டு பீப்பாயிலும் 2 ஆண்டு பாட்டிலிலும். இந்த வரையறைக்குள் வராதவை பொது வகை. முன்பு ‘ஹோவென்’, அதாவது இளசு என்று எழுதுவார்கள். பீப்பாய் பொதுவாக 225 லிட்டர் கொள்ளும்.

இவையெல்லாம் குறைந்தபட்ச அளவுகள். பழைய பாணி தயாரிப்பாளர்கள் இதைத் தாண்டி எங்கோ போவார்கள். ஆரோ நகரத்து லோபெஸ் தெ எரேதியாவின் டொன்டோனியா ரெசெர்வா பீப்பாயில் மட்டும் சுமார் 6 ஆண்டு கிடக்கும். விதிப்படி ஓர் ஆண்டு போதும்.

சரி, கிரான் ரெசெர்வா என்றால் கிரியான்சாவைவிட நல்லது என்று அர்த்தமா? இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தப் பெயர்கள் காலத்தை அளக்கின்றன, தரத்தை அளப்பதில்லை. நடைமுறையில் நல்ல ஆண்டின் நல்ல பழத்தைத்தான் அத்தனை வருடம் வைத்திருக்கத் துணிவார்கள் என்பது உண்மை. ஆனால் சுமாரான ஒயினை ஐந்து வருடம் வைத்திருந்தால் அது பழைய சுமாரான ஒயின், அவ்வளவுதான். நல்ல தயாரிப்பாளரின் கிரியான்சா, ஏனோதானோவென்று செய்த கிரான் ரெசெர்வாவை எளிதில் தோற்கடிக்கும்.

இந்தக் குறை அங்குள்ளவர்களுக்கும் தெரியும். எந்த மண்ணில் விளைந்தது என்பதைச் சொல்லாமல் எத்தனை வருடம் கிடந்தது என்பதை மட்டும் சொல்லும் முறை மீது அதிருப்தி வளர்ந்து, அலவேசாவின் பெயர்பெற்ற தயாரிப்பாளரான அர்தாதி, 2015 முடியும் தறுவாயில் ரியோஹா என்ற பெயரையே வேண்டாம் என்று வெளியேறியது. அதன்பிறகு ‘வின்யேதோ சிங்குலார்’ என ஒற்றைத் தோட்டத்து ஒயினுக்குத் தனி வகை வந்தது. கொடிக்குக் குறைந்தது 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டு?

ஒழுங்குமுறைக் குழு கொடுக்கும் எண்ணிட்ட முத்திரை. பச்சை என்றால் பொது வகை, சிவப்பு என்றால் கிரியான்சா, கருஞ்சிவப்பு என்றால் ரெசெர்வா, நீலம் என்றால் கிரான் ரெசெர்வா. ஸ்பானிஷ் ஒரு எழுத்து தெரியாவிட்டாலும் கடையில் நிறத்தைப் பார்த்து எடுத்துவிடலாம்.

சில பாட்டில்களில் தங்கநிறக் கம்பிவலை சுற்றியிருக்கிறதே, அது தரத்தின் அடையாளமா?

இப்போது அலங்காரம். 19ஆம் நூற்றாண்டில் அது பூட்டு. எல்சியேகோ ஊரில் 1858இல் தொடங்கிய மார்கேஸ் தெ ரிஸ்கல் ஒயினுக்குப் பெயர் கிடைத்ததும், காலி பாட்டிலில் மட்டமான சரக்கை ஊற்றி விற்கத் தொடங்கிவிட்டார்கள். வலையை அறுக்காமல் தக்கையை எடுக்க முடியாதபடி செய்தார்கள். காலி பாட்டிலின் மூடியை நசுக்கிப் போடச் சொல்லும் நம் ஊர் அறிவுரைக்கு அண்ணன் முறை.

ஏன் ரியோஹாவில் இவ்வளவு வெண்ணிலா வாசனை? ஏதாவது கலக்கிறார்களா?

கலப்பதில்லை, மரம் கொடுக்கிறது. இதில் கொஞ்சம் வரலாறு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரியோஹாவில் குடித்தது பெரும்பாலும் அந்தந்த வருடத்து ஒயின். வெகுநாள் தாங்காது. லூசியானோ முர்ரியேதா என்பவர் 1850களில் பிரான்சின் போர்தோ முறையில் பீப்பாயில் வைத்துப் பார்த்தார். ரிஸ்கல் தோட்டத்துக்கு ஜான் பினோ என்ற பிரெஞ்சுக்காரர் நேரிலேயே வந்து வேலை சொல்லிக்கொடுத்தார். அந்தச் சமயத்தில்தான் பிலாக்செரா என்ற பூச்சி பிரெஞ்சுக் கொடிகளின் வேரைத் தின்னத் தொடங்கியது. ஒயின் கிடைக்காமல் தவித்த போர்தோ வியாபாரிகள் பிரனீஸ் மலை தாண்டி வந்தார்கள். ஆரோ நகரத்துக்கு ரயில் வந்திருந்தது. பில்பாவோ துறைமுகத்துக்கு நேர் வழி. ஸ்டேஷனை ஒட்டியே ஒன்றன்பின் ஒன்றாக ஒயின்கூடங்கள் முளைத்தன: லோபெஸ் தெ எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா அல்டா 1890. இன்றும் அவை அங்கேதான், பிளாட்பாரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில். கடைசியில் பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது. அதற்குள் முறை மட்டும் நிலைத்துவிட்டது.

முறையைப் பிரான்சிலிருந்து எடுத்தார்கள், மரத்தை அமெரிக்காவிலிருந்து எடுத்தார்கள். அமெரிக்க ஓக் விலை குறைவு, கப்பலில் வந்துவிடும். பிரெஞ்சு ஓக்கைப் பிளந்துதான் பலகையாக்க வேண்டும், அறுத்தால் ஒழுகும். அமெரிக்க ஓக்கை அறுக்கலாம், சேதாரம் குறைவு. அந்த மரத்தில் ஓக் லாக்டோன் என்ற பொருள் அதிகம். அதன் வாசனை தேங்காய். அதுவும் பச்சைத் தேங்காய் அல்ல, எண்ணெய் ஆட்டக் காயவைத்த கொப்பரை. வெண்ணிலாவும் மரம் தருவதுதான். பீப்பாயை வளைக்க நெருப்புக் காட்டும்போது அது கூடுகிறது.

இப்போது பலர் பிரெஞ்சு ஓக்குக்கும் மாறிவிட்டார்கள். அதில் கிராம்பு, மிளகு பக்கம் வாசனை போகும், வெண்ணிலா அடங்கும். எனக்குக் கொப்பரை வாசனைதான் பிடிக்கும். பழக்கதோஷமாக இருக்கலாம்.

சரி, ருசி பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

ஃபிரிட்ஜிலிருந்து. சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு அலமாரியிலிருந்து அப்படியே எடுத்து ஊற்றுகிறோம். அந்தச் சொல் பிறந்தது ஹீட்டர் இல்லாத காலத்து ஐரோப்பிய வீட்டில். அந்த அறை 17, 18 டிகிரி. நம் அறை 32. அந்தச் சூட்டில் சாராய நெடி மூக்கில் முதலில் ஏறும், பழம் அமுங்கிப்போகும், குடித்தால் கஷாயம் போலிருக்கும்.

இளம் ஒயின் 14 டிகிரி, கிரியான்சா 16, ரெசெர்வாவும் அதற்கு மேலும் 17-18 என்று வைத்துக்கொள்ளலாம். தெர்மாமீட்டர் வேண்டாம். பாட்டிலை ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும். கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்துவிட்டாலும் கவலையில்லை, கிளாசில் பத்து நிமிடத்தில் நம் ஊர் அதைச் சரிசெய்துவிடும். ஒருமுறை சென்னையில் ஒரு ஓட்டலில் வெதுவெதுப்பாக வந்த ரெசெர்வாவுக்கு ஐஸ் வாளி கேட்டேன். பரிமாறியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தயிர்சாதத்துக்குக் கெட்சப் கேட்டவனைப் பார்ப்பது போல. ஆனாலும் கொண்டுவந்தார். பதினைந்து நிமிடத்தில் அது வேறு ஒயின் ஆகிவிட்டது.

கிளாஸ் என்றால் வயிறு அகன்று வாய் குறுகிய எதுவும் சரி. மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். மீதி இடம் வாசனைக்கு.

நிறத்தைப் பார்த்து என்ன தெரியும்?

வயது தெரியும். கிளாசை ஒரு வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். இளம் டெம்ப்ரனியோவில் ஓரம் ஊதா கலந்திருக்கும். நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். வயதாக ஆக ஊதா போய், மாதுளை, பிறகு செங்கல், பிறகு பழைய ஓட்டுக்கூரையின் நிறம். அடர்த்தியும் குறையும். நல்ல பழைய கிரான் ரெசெர்வா பார்க்க வெளிறியிருக்கும். தண்ணீர் கலந்ததோ என்று முதல் தடவை எனக்கே சந்தேகம் வந்தது.

சுழற்றினால் கிளாசில் வழிகிற கோடுகள் தரத்தைக் காட்டுமாமே?

காட்டாது. சாராயம் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும்போது, மேற்பரப்பு இழுவிசை வேறுபட்டு ஒயின் மேலேறித் துளியாக வழிகிறது. சாராயம் கூடுதலாக இருந்தால் கோடும் கூடுதல். சுழற்றுவது வாசனை எழும்ப மட்டும். கையில் வராவிட்டால் கிளாசை மேசையில் வைத்தபடியே சுழற்றுங்கள், சட்டை பிழைக்கும்.

முகர்ந்தால் எனக்கு ஒயின் வாசனைதான் வருகிறது. செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, சிடார், தோல் என்றெல்லாம் எழுதுகிறார்களே?

எழுதுகிறவர் அவற்றோடு வளர்ந்தவர். நாம் பலகாரத்துக்கு மேல் ஒட்டிய செர்ரியைத் தவிர வேறு செர்ரி பார்த்ததில்லை. அதிலும் பாதி சாயமேற்றிய களாக்காய். இல்லாத நினைவை மூக்கு எங்கிருந்து எடுக்கும்?

உங்களிடம் இருக்கும் நினைவைக் கொண்டு முகருங்கள். என் கணக்கு இது. இளம் ரியோஹாவில் நாவல், மாதுளை முத்து. கிரியான்சாவில் அதோடு கொப்பரையும் வெண்ணிலாவும், சில சமயம் சுருள்பட்டை. ரெசெர்வாவில் பழம் பச்சையிலிருந்து உலர்ந்த பக்கம் போகும்: உலர் திராட்சை, பேரீச்சை. கிரான் ரெசெர்வாவில் புகையிலை, பழைய மர பீரோவைத் திறந்தால் வரும் வாசனை, ஈர மண், புதிய செருப்புக்கடை. அந்தச் செருப்புக்கடையைத்தான் அவர்கள் ‘தோல்’ என்று எழுதுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் பாதி ஒயின் புத்தகம் புரிந்துவிட்டது.

முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பழம் புதிதா, உலர்ந்ததா? அதற்குப் பதில் கிடைத்தாலே பாதி தூரம் வந்தாயிற்று. இன்னொன்று, ஊதுபத்தி கொளுத்திய அறையிலும் மல்லிகைப்பூ பக்கத்திலும் உட்கார்ந்து முகர முயலாதீர்கள்.

வாயில் வைத்தால் நாக்கு வறண்டு இழுக்கிறது. இதுதான் டானின் என்பதா?

அதேதான். அதற்கு ஆங்கிலேயருக்கு ஒரு தொழில்நுட்பச் சொல்தான் இருக்கிறது. நமக்கு அறுசுவையில் ஒன்றாகவே அதை வைத்திருக்கிறார்கள்: துவர்ப்பு. பாக்கு, வாழைப்பூ, நெல்லிக்காய், பிஞ்சு மாதுளைத் தோல் என்று சின்ன வயதிலேயே நாக்குக்குப் பழக்கம். சிவப்பு ஒயின் ருசி பார்ப்பதில் மிகக் கடினம் என்று மற்றவர்கள் சொல்லும் பகுதியில் நாம் பாதி தேறிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம்.

டானின் திராட்சையின் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருகிறது, பீப்பாயும் கொஞ்சம் சேர்க்கும். எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்ளும்போது வழுவழுப்புப் போய் வாய் வறள்கிறது.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்து பாருங்கள், காசு செலவில்லை. இரண்டு டம்ளரில் பால் விடாத, சர்க்கரை போடாத டீ போடுங்கள். ஒன்று இரண்டு நிமிடம் ஊறட்டும். இன்னொன்றை மறந்துபோய்ப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இரண்டையும் மாறி மாறிக் குடியுங்கள். இரண்டாவதில் ஈறு வரைக்கும் இழுக்கும் பாருங்கள், அது துவர்ப்பு. இப்போது முதல் டம்ளரில் எலுமிச்சை பிழியுங்கள். கன்னத்தின் ஓரத்தில் எச்சில் ஊறும், அது புளிப்பு. ஒன்று வாயை வறட்டும், மற்றது ஊறவைக்கும். ஒயினில் இரண்டும் ஒன்றாக வருவதால்தான் குழப்பம், தனித்தனியாகத் தெரிந்துவிட்டால் பிரித்துப் பிடிக்கலாம். கடைசியாக அந்தக் கடுந்துவர்ப்பு டீயில் ஒரு கரண்டி பால் விடுங்கள். துவர்ப்பு அடங்கிவிடும், பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொண்டது. சிவப்பு ஒயினோடு ஆட்டிறைச்சியும் பாலாடைக்கட்டியும் ஏன் ஒத்துப்போகிறது என்பதற்கு விளக்கம் அந்த ஒரு கரண்டி பாலில் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ரியோஹாவுக்கு வாருங்கள். ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் ஐந்தாறு நொடி வாய் முழுக்கப் புரட்டுங்கள். இளம் ஒயினில் துவர்ப்பு காய்பிடித்த மாதிரி முன்பல் ஈறில் உரசும். வருடம் ஆக ஆக டானின் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கிவிடும். மீதி வாயில் பட்டுத்துணி போலப் போகும். ஒரே தயாரிப்பாளரின் கிரியான்சாவையும் கிரான் ரெசெர்வாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் இந்தக் கனிவு ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். நான்கு பேர் சேர்ந்தால் செலவும் தாங்கும்.

விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். மட்டமானது மூன்று எண்ணுவதற்குள் ஓடிவிடும். நல்ல ரெசெர்வா பத்து, பதினைந்து தாண்டியும் நிற்கும். நிற்பது பழமும் மணமுமா, வெறும் கசப்பா என்பதையும் கவனியுங்கள்.

துப்ப வேண்டுமா?

பத்து ஒயின் ருசிப்பதானால் கட்டாயம். இரண்டு என்றால் உங்கள் விருப்பம். வெற்றிலை போட்டுப் பழகிய தலைமுறைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

ஓட்டலில் முதலில் கொஞ்சமாக ஊற்றி நம் முகத்தைப் பார்க்கிறார்கள். என்ன சொல்ல வேண்டும்?

பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை, கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்கிறார்கள். முகர்ந்தாலே போதும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, காயாத துணி மூட்டை வாசனை வந்தால் தக்கைக் கோளாறு. டிசிஏ என்ற பொருள் தக்கையிலிருந்து இறங்கியிருக்கிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழவாசனையை முழுதாக விழுங்கிவிடும். காற்று பட்டுக் கெட்டது வாடிய ஆப்பிள் போலிருக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவமோ காடியோ அடித்தால் அதையும் திருப்பலாம். தயங்காமல் “வேறு பாட்டில் கொடுங்கள்” என்று சொல்ல உரிமை உண்டு.

நான் முதன்முதலாக வாங்கிய கிரான் ரெசெர்வா தக்கைக் கோளாறுதான் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ‘பழைய ஸ்பெயின் ஒயின் இப்படித்தான் இருக்கும் போல’ என்று முழு பாட்டிலையும் மரியாதையோடு குடித்து முடித்தேன்.

வேறு பாத்திரத்தில் ஊற்றி வைக்க வேண்டுமா?

பழைய பாட்டிலை வண்டல் பிரிக்க ஊற்றலாம். ஒரு நாள் நிற்கவைத்துவிட்டு, கழுத்துக்குப் பின்னால் டார்ச் பிடித்து, மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். பழைய பாணி ஒயின்கூடங்களில் பீப்பாயிலிருந்து பீப்பாய்க்கு மாற்றும்போது இதையே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்கிறார்கள். ஆனால் மிகப் பழையதை மணிக்கணக்கில் திறந்து வைக்காதீர்கள், மணம் பறந்துவிடும். முரட்டு இளம் ஒயினுக்கு அரைமணி காற்றுப் பட்டால் நல்லது. சாதாரண கிரியான்சாவுக்கு இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம்.

எந்த ஆண்டு நல்ல ஆண்டு?

பாட்டிலில் இருப்பது அறுவடை ஆண்டு. ஒழுங்குமுறைக் குழு ஒவ்வொரு அறுவடைக்கும் மதிப்பீடு தருகிறது. 1964, 1982, 1994, 1995, 2001, 2004, 2005, 2010, 2011, 2019 ஆகியவை ‘மிகச் சிறப்பு’ பெற்றவை. கிரான் ரெசெர்வா வாங்கும்போது இதைப் பார்க்கலாம். கிரியான்சாவுக்குப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதைவிட, கடைக்காரர் பாட்டிலை எங்கே வைத்திருந்தார் என்று பாருங்கள். ஜன்னலோர வெயிலில் நின்ற 2010, குளிர்ந்த அறையில் படுத்திருந்த 2013இடம் தோற்றுவிடும்.

ரிபேரா தெல் துவெரோவும் இதே திராட்சை என்றால் ருசியும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. துவெரோ ஆற்றங்கரை அந்த இடம் பெரும்பாலும் 700 மீட்டருக்கு மேல் உயரம். பகலில் கொளுத்தும், இரவில் நடுங்கும். அதனால் தோல் தடித்து, நிறம் கறுத்து, துவர்ப்பு முறுக்கேறி வரும். ரியோஹா பேசும் குரலில் பேசினால் ரிபேரா மேடைக்குரல். 1864இல் தொடங்கிய வேகா சிசிலியா ஒயின்கூடம் அங்கேதான். விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எந்தச் சாப்பாட்டோடு?

அந்த ஊரில் முதல் பதில் ஆட்டுக்குட்டி. கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளைக் கொளுத்தி, தணலில் வாட்டிய சின்ன விலா எலும்புக் கறி. உப்பைத் தவிர மசாலா கிடையாது. அடுத்தது உருளைக்கிழங்கைக் கத்தியால் வெட்டாமல் பாதியில் உடைத்துப் போட்டு, சொரீசோ தொத்திறைச்சியோடு வேகவைக்கும் குழம்பு; உடைத்த முனையிலிருந்து மாவு கரைந்து குழம்பு கெட்டிப்படும்.

நம் சமையலோடு என்றால் காரம்தான் இடைஞ்சல். சாராயம் காரத்தின் எரிச்சலைக் கூட்டும், எரிகிற நாக்கில் துவர்ப்பும் முரடாகத் தெரியும். செட்டிநாட்டு மிளகு வறுவலோடு ரெசெர்வா வீண். காரம் குறைந்த மட்டன் பிரியாணி, சுக்கா இல்லாத எலும்புக் கறி, காளான் வறுவல், கத்தரிக்காய் சுட்டு மசித்தது என்றால் குளிர்ந்த கிரியான்சா நன்றாகப் போகும். தேங்காய்ப்பால் குருமாவும் அமெரிக்க ஓக்கும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். புளிக்குழம்புக்கு எந்த ஒயினும் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

தக்கையைத் திருப்பி அடைத்து ஃபிரிட்ஜில் நிற்கவைத்தால் கிரியான்சா மூன்று நாள். பழைய கிரான் ரெசெர்வா அன்றைக்கே.

இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

அதை நம்பிக் குடிக்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவில் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. ருசிக்காகக் குடிப்பவர் ஒரு கிளாசோடு நிறுத்தி, வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடட்டும்.

ஒருநாள் அங்கேயே போனால் எங்கே குடிப்பது?

லோக்ரோனியோ நகரத்து லௌரெல் தெருவில். சின்னத் தெரு, இருபுறமும் நெருக்கியடித்துக் குடிக்கும் கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பலகாரம் பெயர்போனது. ஒன்றில் பூண்டுச்சாறு ஊற்றி வாட்டிய காளான் குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ஒரு இறால் குத்தித் தருவார்கள். அடியில் ரொட்டித் துண்டு, வழியும் சாறு அதில் இறங்கும். ஒரு கடையில் ஒரு கிளாஸ், ஒரு பலகாரம், அடுத்த கடை. “ஒரு ரியோஹா” என்று கேட்காதீர்கள். அங்கே எல்லாமே ரியோஹாதான். “உன் கிரியான்சா” என்றால் போதும். ‘உன்’ என்றால் அவர்கள் மொழியில் ‘ஒரு’.

ஜூன் 29 அன்று போனால் ஆரோ பக்கத்துக் குன்றில் ஒயின் சண்டை நடக்கும். புனித பேதுரு திருநாள். வெள்ளை உடையில் ஏறிப்போய் வழிபாடு முடித்துவிட்டு, வாளியிலும் பூச்சிமருந்து அடிக்கும் பம்பிலும் ஒயினை நிரப்பி ஒருவர்மேல் ஒருவர் அடிப்பார்கள். இறங்கி வரும்போது எல்லோரும் ஊதா.

யாராவது தோட்டத்து வீட்டில் உட்காரவைத்தால் ‘பொரோன்’ வரலாம். பக்கவாட்டில் நீண்ட கூர்மூக்கு வைத்த கண்ணாடிக் குடுவை. ஒரே குடுவை கைமாறி எல்லோரையும் சுற்றி வரும், வாய் படக்கூடாது. வெளிநாட்டுக்காரர்கள் இதில் கன்னம், மூக்கு, கழுத்து என்று எல்லா இடத்திலும் ஊற்றிக்கொள்வதைப் பார்த்து அந்த ஊரார் சிரிப்பார்கள். சொம்பைத் தூக்கி எச்சில் படாமல் அண்ணாந்து குடித்த கைக்கு இது ஒரு விஷயமே இல்லை. தாரை மெலிதாக வேகமாக வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முதலில் கிட்டத்தில் பிடித்துத் தொடங்கி, பிறகு கையை நீட்டுங்கள், நிறுத்தும்போது குடுவையின் மூக்கை வெடுக்கென்று மேலே தூக்குங்கள். அன்றைக்கு வெள்ளைச் சட்டை வேண்டாம்.